'வெரி' என்றால் ஒரு காலத்தில் 'மெய்'

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நான் விரித்து முழுக்கப் படிப்பேன். பழக்கம்தான், ஆனால் தொழிலால் வந்த பழக்கம். அந்த மாதிரித் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது பல வருடங்களாக என் வேலை. 'வெரி' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க நான் கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு தாளில்தான்.

பக்கவிளைவுகள் பற்றிய பகுதி அது. ஆங்கிலத்தில் 'வெரி ரேர்' என்று இருந்த ஓரிடத்தில் 'அரிதாக' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் சரிபார்ப்பவரிடமிருந்து அழைப்பு வந்தது. மருந்தியல் படித்தவர், என்னைவிட வயதில் மூத்தவர்.

"தம்பி, இந்த வரியில 'வெரி' எங்க போச்சு?"

"அரிதுன்னாலே போதும்னு நினைச்சேன் மேடம். 'மிக'ன்னு போட்டா சும்மா அழுத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு."

"அந்த 'மிக'க்குள்ள ஒரு நம்பர் இருக்குப்பா. எடுத்துட்டா நம்பரே மாறிடும்."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துத் தாள்களில் பக்கவிளைவுகளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் 'வெரி காமன்'. 100 பேரில் ஒருவரிலிருந்து 10 பேரில் ஒருவருக்குள் இருந்தால் 'காமன்'. அதற்குக் கீழே 1,000 பேரில் ஒருவர் வரைக்கும் 'அன்காமன்', 10,000 பேரில் ஒருவர் வரைக்கும் 'ரேர்'. அதையும்விடக் குறைந்தால்தான் 'வெரி ரேர்'. ஆக, நான் அழுத்தம் என்று நினைத்து விட்டுவிட்ட ஒரு சொல்லால், 10,000 பேரில் ஒருவருக்குக்கூட வராத தொல்லை 1,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்பதுபோல் ஆகியிருக்கும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒருவர் அதை விழுங்காமலே இருந்துவிட இது போதும்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் கற்கும் எவரும் முதல் வாரத்திலேயே கற்றுவிடும் சொல். 'வெரி குட்' என்பதை ஆங்கிலம் தெரியாதவர்கள்கூடச் சொல்வார்கள். இவ்வளவு எளிய சொல்லுக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதன் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். 'வெரி' ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல் இல்லை. பழைய பிரெஞ்சில் 'வெராய்' என்றால் மெய்யான, உண்மையான என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் 'வ்ரே' என்று வழங்குவதும் அதுவே. அதற்கும் பின்னால் போனால் உண்மையைக் குறிக்கும் 'வேருஸ்' என்ற லத்தீன் சொல்லில் வந்து நிற்கும். வங்கியிலும் கைபேசியிலும் தினமும் 'வெரிஃபை பண்ணுங்க' என்கிறோமே, அந்த 'வெரிஃபை' இதே வேரில் முளைத்தது. தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' என்பதற்கும் மூலப் பொருள் 'மெய்யாகச் சொன்னது'. 'வெரி குட்' என்பதிலுள்ள 'வெரி' இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், ஒரு வீரனை அறிமுகப்படுத்தும்போது 'வெரே, பர்ஃபிட், ஜென்டில் நைட்' என்கிறார். இன்றைய வாசகர் அதை 'வெரி பர்ஃபெக்ட்' என்று படித்து, மிகக் குறையற்றவன் என்று புரிந்துகொள்வார். சாசர் சொன்னது அதுவல்ல: மெய்யான வீரன், குறையற்ற வீரன், பண்புள்ள வீரன். மூன்றும் தனித்தனி அடைமொழிகள். ஆனால் 'மெய்யான, குறையற்ற' என்று இரண்டு அடைமொழிகள் ஒட்டி நிற்கும்போது, கேட்பவர் காதில் அது 'மெய்யாகவே குறையற்ற' என்று விழுவது இயல்பு. அங்கிருந்து 'மிகவும் குறையற்ற' என்பதற்கு ஒரே எட்டுதான். உண்மையைச் சொல்ல வந்த சொல் அளவைச் சொல்லும் சொல்லானது இப்படித்தான். யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை. பேசியவர் ஒன்று நினைத்தார், கேட்டவர் பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அப்படியே ஊறி ஊறி 15, 16ஆம் நூற்றாண்டுகளில் புதுப் பொருள் நிலைத்தது.

பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவும் இல்லை. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலில் கிறித்தவ விசுவாச அறிக்கை 'வெரி காட் ஆஃப் வெரி காட்' என்று வரும். 'மெய்யான கடவுளிலிருந்து வந்த மெய்யான கடவுள்' என்பது பொருள். அங்கே 'மிக' என்று போட்டால் வாக்கியமே நிற்காது. 'திஸ் வெரி டே', 'தி வெரி மேன்', 'தி வெரி சேம்' என்று இன்றும் புழங்கும் தொடர்களிலும் அதே பழைய 'வெரி'தான் இருக்கிறது. 'இன்றைக்கே', 'அந்த ஆளேதான்', 'அதே' என்று தமிழில் ஓர் ஏகாரத்தைக் கொண்டு நாம் சொல்வதை அவர்கள் 'வெரி'யைக் கொண்டு சொல்கிறார்கள்.

இந்த ஏகாரம் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது. அவற்றில் முதலில் வைப்பது தேற்றம், அதாவது உறுதி. 'அவனே கொண்டான்' என்றால் அவன்தான், ஐயமே வேண்டாம் என்று பேசுபவர் உறுதி கொடுக்கிறார். உண்மை என்பதற்கு ஆங்கிலேயர்களிடம் இருந்த சொல் அழுத்தச் சொல்லாயிற்று. நம்மிடம் உறுதியைக் குறிக்கும் இடைச்சொல் அழுத்தத்தைச் சுமக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் வெவ்வேறு வழியாக வந்து ஒரே வாசலில் நிற்கின்றன. 'ரொம்ப நல்லது' என்று நாம் அழுத்தும்போதெல்லாம் உள்ளுக்குள் கேட்டுக்கொள்வது 'நான் சொல்வதை நம்பு' என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். அளவு அதற்குப் பிறகு வருவது.

மிகுதிக்குத் தமிழ் வைத்திருக்கும் சொற்களோ தனிச் செல்வம். 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப' என்று தொல்காப்பியம் மூன்றைச் சொல்லிவிட்டு நிற்கும். நன்னூல் அந்த மூன்றோடு சால, கூர், கழி என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஆறாக்கும். இவையெல்லாம் ஏட்டோடு போய்விட்டன என்று நினைத்துவிடக் கூடாது. 'அவர் எனக்கு உறுதுணையாக இருந்தார்' என்று எழுதுகிறவர் 'உறு'வை எழுதுகிறார். 'அன்புகூர்ந்து அமைதி காக்கவும்' என்ற அறிவிப்பில் 'கூர்' இருக்கிறது. 'சாலச் சிறந்தது' இன்னும் மேடையில் கேட்கிறது. 'தவ' மட்டும் பேச்சிலிருந்து நழுவிவிட்டது, பாவம். நாம் நாள்தோறும் சொல்லும் 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம். பாத்திரம் விளிம்பு வரை நிரம்புவதை வைத்து உருவான சொல். ஆங்கிலத்திலும் 'வெரி' தலையெடுப்பதற்கு முன்பு 'ஃபுல்' என்ற சொல் இதே வேலையைச் செய்தது. 'ஃபுல் வெல்' என்றால் நிரம்ப நன்றாக. அங்கேயும் நிரம்பியதுதான்.

'ஃபுல்'லுக்கு முன்னால் வேறொன்று. பழைய ஆங்கிலத்தில் வலிமை என்ற பொருளிலிருந்து வந்த 'ஸ்வித்' என்ற சொல்தான் கோலோச்சியது. பிறகு 'வெல்', 'ஃபுல்', 'ரைட்' என்று ஒவ்வொன்றாக வந்தன. 'ரைட்' இன்னும் பட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராலயத் தலைமைக் குரு 'வெரி ரெவரெண்ட்', ஆயர் 'ரைட் ரெவரெண்ட்', பேராயர் 'மோஸ்ட் ரெவரெண்ட்'. சந்தையில் செல்லாமல் போன நாணயங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

ஒரு மிகுதிச் சொல் ஏன் தேய்கிறது? எல்லாவற்றுக்கும் அதையே போடுவதால்தான். 'மெய்யாகவே' என்று ஒருவர் பத்து தடவை சொன்னால் பதினோராவது தடவை அது காதில் விழாது. அப்போது புதுச் சொல் தேவைப்படும். சிலர் அச்சத்திலிருந்து எடுப்பார்கள்: 'ஆஃபுலி', 'டெரிப்ளி', 'ட்ரெட்ஃபுலி'. நம் 'பயங்கரமா இருக்கு' அப்படிப்பட்டதுதான். 'கொள்ளை அழகு' என்கிறோமே, அது எங்கிருந்து எடுத்ததென்று நினைத்துப் பாருங்கள். ஜெர்மானியர்களின் 'ஸேர்', நம் 'மிக'வுக்கு நேரான சொல், ஒரு காலத்தில் 'வலிக்க வலிக்க' என்று பொருள்பட்டது. புண்ணைக் குறிக்கும் ஆங்கில 'ஸோர்' அதன் உடன்பிறப்பு. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் மேய்ப்பர்கள் 'ஸோர் அஃப்ரெய்ட்' ஆனார்கள் என்று வரும், மிகவும் பயந்தார்கள் என்ற பொருளில்.

இதில் என்னை அதிகம் ஈர்ப்பது ஒன்றுதான். 'வெரி' தேய்ந்தபோது அதன் இடத்துக்கு வந்த சொல் 'ரியலி'. மறுபடியும் உண்மை! இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பேச்சை ரிக்கா இட்டோவும் சாலி டாக்லியமோன்டேயும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். மூத்தவர்கள் வாயில் 'வெரி' மேலோங்கி இருந்தது, இளைஞர்கள் வாயில் 'ரியலி'. பேத்தி 'ரியலி' என்கிற இடத்தில் பாட்டி 'வெரி' என்றிருப்பார். இரண்டுக்கும் வேரில் ஒரே வாக்குறுதி. ஒரு தலைமுறை கொடுத்த சத்தியம் பழசாகிவிட்டதால் அடுத்த தலைமுறை அதே சத்தியத்தை வேறு வார்த்தையில் கொடுக்கிறது.

சரி, புழக்கத்துக்கு வருவோம். தமிழ் பேசுகிறவர்களுக்கு 'வெரி'யில் இடறும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் நானே நன்றாக இடறி விழுந்தது 'டூ' என்ற சொல்லில்.

ஒரு நூலாசிரியர், ஆங்கிலம்தான் அவர் தாய்மொழி, மொழிபெயர்ப்புக்கு உதவியாக விரிவான குறிப்புகள் எழுதி அனுப்பினார். அருமையான குறிப்புகள். மகிழ்ச்சியில் 'யுவர் நோட்ஸ் ஆர் டூ டீடெய்ல்டு' என்று பதில் போட்டேன். 'ரொம்ப விரிவா இருக்கு' என்று பாராட்டியதாகத்தான் என் மனசில் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மன்னிப்புக் கடிதமும் அதோடு பாதியாக வெட்டிய குறிப்புகளும் வந்தன. எனக்குத் தேவைப்பட்டவை பல அந்த வெட்டில் போயிருந்தன. நடந்ததை விளக்கி, முதலில் அனுப்பியதையே திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் நான் பட்ட சங்கடம் கொஞ்சமில்லை.

குற்றம் 'ரொம்ப'வின் மேல்தான். 'தண்ணி ரொம்பச் சூடா இருக்கு' என்றால் நல்ல சூடு என்றும் எடுத்துக்கொள்ளலாம், கை வைக்க முடியாத சூடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். குரலும் முகமும் எது என்று காட்டிவிடும். ஆங்கிலம் இந்த இரண்டையும் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'வெரி ஹாட்' சூட்டின் அளவைச் சொல்லி நின்றுவிடும். 'டூ ஹாட்' என்றால் தேவைக்கு மிஞ்சிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று நடக்காது என்று பொருள். குடிக்க முடியாத சூடு, தூக்க முடியாத கனம், முடித்துவிட முடியாத நீளம். எழுதியதை ஒரு தடவை தமிழில் 'அளவுக்கு மிஞ்சி' என்று போட்டுப் பார்ப்பேன். 'அளவுக்கு மிஞ்சி விரிவாக இருக்கிறது' என்று அன்றைக்குப் போட்டுப் பார்த்திருந்தால் கையை எடுத்திருப்பேன். 'டூ குட்' என்று நண்பர்களுக்குள் பாராட்டுவது உண்டு, அது தனிக் கதை. வேலைக் கடிதத்தில் 'டூ'வைப் பாராட்டாக நம்பி எழுதுவதில்லை இப்போதெல்லாம்.

அடுத்தது வினைச்சொல். 'எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்பதில் 'ரொம்ப' வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. அதையே 'ஐ வெரி லைக்' என்று போட்டால் ஆங்கிலம் ஏற்காது. 'வெரி'க்கு வினைச்சொல்லைத் தொட உரிமை இல்லை. 'மச்' என்ற துணையோடுதான் போக வேண்டும்: 'ஐ லைக் இட் வெரி மச்'. ஒப்பிடும்போதும் அப்படியே. 'வெரி பெட்டர்' கிடையாது, 'மச் பெட்டர்'தான். ஆனால் 'வெரி பெஸ்ட்', 'வெரி ஃபர்ஸ்ட்' என்று உச்சத்துக்குப் போனால் 'வெரி' கூச்சமில்லாமல் வந்து நிற்கும். அங்கே இருப்பது பழைய 'மெய்யான' என்பதன் நிழல்: 'முதலாவதிலும் மெய்யான முதலாவது'. இலக்கண விதியாகப் படித்தபோது புரியாதது சொல்லின் வரலாறு தெரிந்தபோது புரிந்தது.

எதிர்மறையில் இது இன்னும் நுணுக்கம். 'நாட் வெரி குட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால், நல்லதுதான், ஆனால் மிக நல்லது இல்லை என்று வர வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. 'நன்றாக இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் மெதுவாகச் சொல்கிறார்கள். தமிழில் இதற்கு 'மிக' பொருந்தாது. 'மிக நன்றாக இல்லை' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். 'அவ்வளவு நல்லா இல்ல' என்போம். 'வெரி'க்கு நேர் 'மிக' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். உடன்பாட்டில் 'மிக', எதிர்மறையில் 'அவ்வளவு'. 'அவ்வளவு' என்று சொல்லும்போது கை தானாக ஓர் அளவைக் காட்டும், கவனித்திருக்கிறீர்களா? அந்த அளவுக்கு எட்டவில்லை என்கிறோம். எனக்கு மிகப் பிடித்த சொற்களில் ஒன்று.

'எழுதியதில் உள்ள "வெரி"களையெல்லாம் அடித்துவிடு, எழுத்து சிறக்கும்' என்று எழுத்துப் பயிற்சிகளில் சொல்வார்கள். பாதிதான் சரி. 'மிகக் கருப்பு' என்பதைவிடக் 'கன்னங்கரேல்' நன்றாக இருக்கிறது, 'மிகச் சிவப்பு' என்பதைவிடச் 'செக்கச்செவேல்'. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு 'ஐயாம் வெரி, வெரி சாரி' என்று ஒருவர் எழுதியதை மொழிபெயர்க்க வந்தால், அந்த இரண்டாவது 'வெரி'யை நான் தொட மாட்டேன். முதல் 'வெரி' போதவில்லை என்று அவர் கை உணர்ந்திருக்கிறது. 'நம்புங்கள்' என்று இரண்டாம் முறையும் கேட்கிறார். அதைச் செம்மையாக்குகிறேன் என்று வெட்டுவது அவர் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

படிகளுள்ள இடத்திலும் தொடக் கூடாது, அதை மருந்துத் தாள் கற்றுக்கொடுத்தது. அறிவியலில் இப்படிப் படிகள் நிறைய. வானொலி அலைகளில் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை 'வெரி ஹை', அதன் மேல் 'அல்ட்ரா', அதற்கும் மேல் 'சூப்பர்', அப்புறம் 'எக்ஸ்ட்ரீம்லி'. சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடிகள் நான்கைக் கொண்ட தொலைநோக்கிக்கு 'வெரி லார்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்து 39 மீட்டர் ஆடியோடு ஒன்றைக் கட்டத் தொடங்கியபோது 'எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ்' என்று போக வேண்டியதாயிற்று. ஒரு முறை 'வெரி'யைச் செலவழித்துவிட்டால் அடுத்த முறைக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் படிகளிலேயே கனமானதைக் காலநிலை அறிக்கைகளில் பார்த்தேன். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் ஐபிசிசி குழு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்தகவை வரையறுத்து வைத்திருக்கிறது. 'லைக்லி', அதாவது 'நடக்க வாய்ப்புண்டு', என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல், 'வெரி லைக்லி' 90க்கு மேல், 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' 95க்கு மேல். சாதாரண வாசகர்களிடம் இந்தச் சொற்களைக் கொடுத்து டேவிட் புடெஸ்குவும் குழுவினரும் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அறிவியலாளர்கள் 90க்கு மேல் என்று நினைத்து எழுதிய 'வெரி லைக்லி'யை மக்கள் அதைவிட மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 600 வருடமாக எல்லாரும் எடுத்துச் செலவழித்த சொல், அதன் கனம் கையில் தெரியவில்லை.

புவி வெப்பமாவதற்கு மனிதர்கள்தான் காரணமா என்ற கேள்விக்கு அந்தக் குழு சொன்ன விடையை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2001 அறிக்கையில் 'லைக்லி'. 2007இல் 'வெரி லைக்லி'. 2013இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி'. ஒரே கேள்விதான், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஆறேழு வருட அளவீடும் வாதமும் இருக்கின்றன. 2021 அறிக்கையில் 'லைக்லி'யும் இல்லை, அதற்கு முன்னால் வைக்கும் சொல்லும் இல்லை. 'இட் இஸ் அன்இக்விவோகல்' என்று தொடங்கி, மனிதச் செயல்கள் வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கிவிட்டன என்று வாக்கியம் முடிகிறது.

அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'ஐயத்துக்கு இடமில்லை' என்று வந்தது. பழக்க தோஷத்தில் விரல் அதற்கு முன்னால் 'சிறிதும்' என்று தட்டியது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை எடுத்துவிட்டேன்.